இருநூறு மீட்டர் தள்ளி

கையில் பிடித்துக்கொள்ளும் ஜிபிஎஸ் கருவி ஒன்றை வாங்க, நான் குடியிருக்கும் ஓசூரில் மூன்று நாள் ஒரே கடைக்கு ஏறி இறங்கினேன். எழுபத்திரண்டு வயதில் அது எதற்கு என்று கேட்டவர்களிடம் நடைப்பயிற்சிக்கு என்று சொன்னேன். அது பொய். அதற்கு முன்னால் இன்னொரு பொய் இருந்தது. அதை மூடத்தான் இந்தக் கருவி தேவைப்பட்டது. எனவே முதல் பொய்யிலிருந்தே எழுதுகிறேன்.

என் மனைவி ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தவள். நகத்தளவு உதிரி பாகங்களை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் தட்டின் மேல் இருக்கும் அட்டையில் தன் முதலெழுத்தைப் போட வேண்டும். அந்த எழுத்து விழுந்துவிட்டால் பார்த்தாயிற்று என்று அர்த்தம். அதற்குப் பிறகு யாரும் திரும்ப அளக்க மாட்டார்கள். ஒருமுறை ஷிப்டு முடியும் நேரத்தில் மேற்பார்வையாளர் வந்து, "போட்டுக் குடும்மா, லாரி நிக்குது" என்றாராம். இவள், "நிக்கட்டும் சார், அதுக்குத்தான் அதுக்கு நாலு சக்கரம்" என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் அளந்து முடித்த பிறகே எழுத்தைப் போட்டாளாம். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவள் குரலில் பெருமை எதுவும் இல்லை. லாரிக்கு எத்தனை சக்கரம் என்று யோசிக்காமல் பேசிவிட்டோமே என்றுதான் வருத்தப்பட்டாள்.

நானும் அளக்கிற வேலைதான் செய்தேன். தெற்கிலிருந்து வேலை தேடி வந்து, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கருங்கல் குவாரிகளிலும் சாலை ஒப்பந்தங்களிலும் சர்வேயராக நாற்பது ஆண்டுகள் கழித்தேன். அளந்துகொண்டே போய், தொடங்கிய கல்லுக்கே திரும்பி வந்து, எண் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது எங்கள் வேலையின் அடிப்படை. ஒத்துப்போகாவிட்டால் மறுநாள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதையெல்லாம் தெரிந்தவன்தான் அந்த மே மாதம் அப்படி நடந்துகொண்டேன்.

இருவரும் ஓய்வு பெற்ற பிறகு அவள் எங்கள் மகள் இருக்கும் நாட்டுக்கு மூன்று மாதம் போய்வந்தாள். திரும்பி வரும்போது ஒரு விளையாட்டைக் கற்றுக்கொண்டு வந்தாள். ஜியோகேச்சிங் என்று பெயர். உலகம் முழுவதும் ஆட்கள் சின்னச் சின்ன டப்பாக்களை மரப்பொந்திலும் பாறை இடுக்கிலும் ஒளித்துவைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுகிறார்கள். மற்றவர்கள் அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு போய்த் தேடுகிறார்கள். கிடைத்தால் உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான். பரிசு கிடையாது.

"ரிட்டயர் ஆன அப்புறமும் டப்பா செக் பண்ற வேலைதானா?" என்று நான் சிரித்தேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. மகள் வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட்போனை எடுத்துக்கொண்டு ஓசூர், பெங்களூரு என்று போய்க்கொண்டிருந்தாள். ஒரு நாள் தானே ஒரு டப்பாவை ஒளித்தாள். அவள் பிறந்த ஊர் மத்தூர்ப் பக்கம். அங்கே ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, சாமல்பட்டி போகும் சாலையில் ஒரு கரட்டின், அதாவது சின்னப் பாறைக் குன்றின் மேல் ஏறி, இரண்டு பாறைகளுக்கு நடுவில் வைத்துவிட்டு வந்தாள். நான் கல்யாண மண்டபத்திலேயே இருந்துவிட்டேன்.

டப்பாவை வைத்தவர்தான் அதைப் பராமரிக்க வேண்டும் என்பது விளையாட்டின் விதி. டப்பா இல்லை என்று யாராவது எழுதினால், வைத்தவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு அந்த டப்பாவுக்கான இணையப் பக்கத்தில் எழுத வேண்டும். அவள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பேருந்து பிடித்துப் போய்ப் பார்த்துவந்தாள். பிறகு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கும் கூடத்துக்கும் நடப்பதே பெரிய காரியமாகிவிட்டது. அந்தச் சமயம் பார்த்து இருவர் "தேடினோம், கிடைக்கவில்லை" என்று எழுதிவிட்டார்கள்.

"ஏங்க, ஒரே ஒரு தடவ போயிப் பாத்துட்டு வந்துடுங்களேன். கரட்டு மேல ஏறினதும் யானை மாதிரி ரெண்டு பாறை. அதுக்கு நடுவுல கையை விட்டா டப்பா" என்றாள்.

மே மாதத்து வெயிலில் கிளம்பினேன். கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் இறங்கினேன். மாங்காய் சீசன். மத்தூர்ப் பேருந்தில் கூடைகளும் ஆட்களும் படிக்கட்டு வரை நின்றிருந்தார்கள். அடுத்த வண்டியில் போகலாம் என்று டீக்கடையில் உட்கார்ந்தேன். அடுத்த வண்டியும் அப்படித்தான் இருந்தது. ஒரு பிளாஸ்டிக் டப்பாவைப் பார்ப்பதற்காக நான் ஏன் இந்த நெரிசலில் போக வேண்டும் என்று நினைத்தேன். செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். போய்த் திரும்புவதற்கு ஆகும் நேரத்தைக் கணக்குப் போட்டு, அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு ஓசூருக்கு ஏறினேன்.

"இருந்துச்சா?" என்றாள்.

"இருக்குது. பத்திரமா இருக்குது."

"மூடி நல்லா மூடியிருக்கா?"

"ம்."

அவள் போனை எடுத்து அந்தப் பக்கத்தில் எழுதினாள். "நேரில் சரிபார்க்கப்பட்டது. டப்பா இடத்திலேயே இருக்கிறது." கீழே வழக்கம்போலத் தன் முதலெழுத்தைப் போட்டாள். அவள் எழுத்துப் போடுவதைப் பார்த்தேன். குளிக்கப் போய்விட்டேன்.

அடுத்த இரண்டு மாதம் பெங்களூரிலிருந்து இரண்டு பெண்கள் விடாமல் வந்தார்கள். அக்காவும் தங்கையும். முதல் தடவை, கிடைக்கவில்லை என்று எழுதினார்கள். என் மனைவி இன்னும் கொஞ்சம் துப்புக் கொடுத்தாள். இரண்டாம் தடவையும் கிடைக்கவில்லை. இவள் போனிலேயே பேசி வழி சொன்னாள். "எங்க வீட்டுக்காரரே போயிப் பாத்துட்டு வந்தாரும்மா, கண்டிப்பா இருக்கும்" என்று அவள் சொன்னது பக்கத்து அறையில் இருந்த எனக்குக் கேட்டது. மூன்றாம் தடவை ஜூலை மாதம் வந்தார்கள். இடுக்கு இடுக்காகக் கைவிட்டுத் தேடியதில் அக்காள் பாறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டுப் போட்ட கையின் படத்தோடு தங்கை ஒரு செய்தி அனுப்பினாள். திட்டவில்லை. "எங்களுக்குத்தான் தேடத் தெரியவில்லை போல" என்று எழுதியிருந்தாள்.

என் மனைவி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"அப்புறம் ஏன் கெடைக்க மாட்டேங்குது?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். அன்று நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

அப்போதே சொல்லியிருக்கலாம். நான் வேறு மாதிரி யோசித்தேன். ரகசியமாக அங்கே போக வேண்டும். டப்பா இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அதே போன்ற ஒன்றை அதே இடத்தில் வைத்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் நான் சொன்னது கொஞ்சம் தாமதமாக உண்மையாகிவிடும். படித்தவன், ஆயிரக்கணக்கான எல்லைக் கற்களுக்குக் கணக்குச் சொன்னவன், இப்படி யோசித்தேன் என்பதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

ஆனால் போவது எப்படி? எண்களைப் போட்டு வழி பார்க்கும் செயலி அவள் போனில் இருந்தது. என்னிடம் இருந்தது பட்டன் போன். அவள் போனைக் கேட்டால் எதற்கு என்று கேட்பாள். கரடு எந்தக் கரடு என்று அவளிடமே கேட்கலாம் என்றால், மே மாதமே பார்த்துவிட்டு வந்தவன் எப்படிக் கேட்பது? அந்தச் சாலையில் வரிசையாகக் கரடுகள். ஆகவே தனியாக ஒரு கருவி வாங்குவது என்று முடிவு செய்தேன். பிசியோதெரபிப் பெண் வந்து அவளுக்குக் காலை மடக்கி நீட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், அலமாரியில் இருந்த அவள் நோட்டிலிருந்து எண்களை ஒரு பேருந்துச் சீட்டின் பின்னால் எழுதிக்கொண்டேன்.

ஓசூரில் சர்வே கருவிகள் விற்கும் கடை ஒன்று எனக்குப் பழக்கம். கடைக்காரருக்குத் தாய்மொழி தெலுங்கு. வாடிக்கையாளரிடம் கன்னடம், என்னிடம் தமிழ். நான் போனபோது போனில் யாரிடமோ "ஆய்த்து சார், ஆய்த்து" என்று சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

"வாங்க சார்! உயிரோடதான் இருக்கீங்களா?"

"இருக்கேன். கையில புடிக்கிற ஜிபிஎஸ் ஒண்ணு வேணும்."

"ஆக்குரசி எத்தன சென்டிமீட்டர் சார் வேணும்?"

"மூணு நாலு மீட்டர்ல வந்தா போதும்."

அவர் சிரித்துவிட்டார். "மூணு மீட்டரா? ஒரு சென்டிமீட்டர் தப்புக் காட்டுதுன்னு மெசினத் தூக்கிக்கினு வந்து இதே டேபிள்ல சண்ட போட்ட ஆளு சார் நீங்க. எதுக்கு சார் இப்போ?"

"நடக்க."

"நடக்க எதுக்கு சார் சேட்டிலைட்டு? ஏரியச் சுத்தி நாலு ரவுண்டு வந்தா வூட்டுக்கு வழி தெரியாமப் போயிடுமா? போன்லயே பாக்கலாமே."

"என்கிட்ட இருக்கிறது பட்டன் போன்."

"அப்போ போன் வாங்குங்க சார்!"

ஸ்மார்ட்போனே வேண்டாம் என்று வீட்டில் பத்து வருடமாகப் பிடிவாதம் பிடித்தவன் திடீரென்று ஒன்றோடு போய் நின்றால் அதற்கும் காரணம் சொல்ல வேண்டும்.

அவர் நான்கு கருவிகளை மேஜையில் வைத்தார். ஒன்று தொடுதிரை. ஒன்று முழுக்கப் பொத்தான்கள். வெயிலில் தொடுதிரை தெரியாது என்றார். பொத்தான் கருவியில் எண்களை ஏற்றுவதற்குள் விடிந்துவிடும் என்றும் அவரே சொன்னார். ஒன்றில் சாதாரண பேட்டரி போடலாம், எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். இன்னொன்றில் உள்ளேயே பேட்டரி இருந்தது, சார்ஜ் போட வேண்டும். ஒன்று இரண்டு வகைச் செயற்கைக்கோள்களைப் பிடிக்கும், மற்றொன்று ஐந்து வகை. ஐந்து எதற்கு, இரண்டு போதாதா என்று கேட்டேன். "திறந்த வெளின்னா போதும் சார். பாறை, மரம், பில்டிங் பக்கம்னா அஞ்சு இருந்தா நல்லது. நீங்க எங்க நடப்பீங்க?" என்றார். பாறை என்று சொல்ல வாய் வந்தது. "எல்லா எடத்துலயும்" என்றேன். உயரம் காட்டும் வசதி வேண்டுமா, நின்ற இடத்திலேயே திசை காட்டும் காந்த ஊசி வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே போனார். எல்லாக் கேள்விக்கும் எதற்கு என்பதில்தான் பதில் இருந்தது. அந்த எதற்கு என்பதைத்தான் நான் சொல்ல முடியாது.

நாலாவது கருவி அழகாக இருந்தது. அதை எடுத்தேன். அவர் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டார்.

"இது வேணாம் சார். ஒருத்தர் வெளிநாட்டுலேர்ந்து கொண்டாந்து ரிப்பேருக்குக் குடுத்தாரு, நானே பயந்துக்கினு வெச்சிருக்கேன். டவர் இல்லாத எடத்துலேர்ந்து சேட்டிலைட் வழியா மெசேஜ் அனுப்பும். லைசென்ஸ் இல்லாம இதெல்லாம் நம்ம நாட்டுல வெச்சிருக்கக் கூடாது. ஏர்போர்ட்ல புடிச்சா உள்ள போகணும். இந்த வயசுல உங்களுக்கு அது தேவையா?"

முதல் நாள் வாங்காமல் வந்துவிட்டேன். இரண்டாம் நாளும் போய் நான்கையும், இல்லை மூன்றையும், கையில் எடுத்து எடைபார்த்துவிட்டு வந்தேன். அவர் கடைசியில் குரலைத் தணித்து, "சார், தப்பா நெனைக்காதீங்க. புதையல் கிதையல்னு யாராச்சும் உங்கள இழுத்து வுட்டுட்டாங்களா? இந்தப் பக்கம் அப்படி ரெண்டு கும்பல் சுத்துது" என்றார். மூன்றாம் நாள் பொத்தான் கருவியை வாங்கினேன். நன்றாக ஆராய்ந்து எடுத்த முடிவு இல்லை. கடையில் நிற்க வெட்கமாக இருந்தது, அது கைக்கு அருகில் இருந்தது, அவ்வளவுதான். அவரே அதை இயக்கி, தேவையான அமைப்புகளை எல்லாம் சரிசெய்து கொடுத்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் ஒரு பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து எண்களை ஏற்றினேன். அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். அதில் டேட்டம் என்று ஒரு பட்டியல் இருந்தது. பூமி கச்சிதமான உருண்டை இல்லை. அளப்பதற்கு அதை ஏதோ ஒரு வடிவமாக வைத்துக்கொள்கிறோம். அந்த வடிவத்துக்குத்தான் டேட்டம் என்று பெயர். வடிவம் மாறினால், அதே எண் தரையில் வேறு இடத்தில் போய் விழும். கடைக்காரர் அதில் ஏதோ வைத்திருந்தார். நான் பட்டியலில் கீழே இறங்கினேன். என் பழைய வரைபடங்களின் ஓரத்தில் நாற்பது ஆண்டுகள் அச்சாகி வந்த இந்தியாவின் பழைய டேட்டம் அங்கே இருந்தது. பழக்கமான ஆளைக் கூட்டத்தில் பார்த்த மாதிரி இருந்தது. கடைக்காரருக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டு அதைத் தேர்ந்தெடுத்தேன். மூன்று நாளாக எதுவும் புரியாமல் நின்றவனுக்கு, இது ஒன்றாவது எனக்குத் தெரியும் என்று இருந்தது.

ஆகஸ்டில் ஒரு காலை கிளம்பினேன். பழைய குவாரி நண்பர் ஒருவர் கிருஷ்ணகிரியில் உடம்பு சரியில்லாமல் இருக்கிறார் என்று அவளிடம் சொன்னேன். இது மூன்றாவது பொய்யா, நான்காவதா என்று பேருந்தில் எண்ணிப் பார்த்தேன். கணக்கு வரவில்லை. பையில் குடை, தண்ணீர், கருவி, புது டப்பா ஒன்று, புது நோட்டு ஒன்று.

மத்தூர் தாண்டி இறங்கி, கருவியின் அம்பு காட்டிய திசையில் நடந்தேன். மாந்தோப்பைக் கடந்ததும் கரடு தெரிந்தது. உச்சியில் இரண்டு பெரிய பாறைகள். யானை போல என்று அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. உண்மையாகவே யானை போலத்தான் இருந்தன. ஆனால் அம்பு கரட்டைக் காட்டவில்லை. கரட்டை ஒதுக்கிவிட்டு வலப்பக்கம் நிலக்கடலைக் கொல்லைக்குள் காட்டியது. நின்றேன். ஒரு பக்கம் அவள் சொன்ன பாறைகள், மறுபக்கம் கருவி. எனக்குக் குழப்பமாக இருந்தது. ஆனாலும் நெடுநேரம் யோசிக்கவில்லை. கரட்டின் மேல் என்பது அவள் ஞாபகம், அது தப்பலாம், எண்கள் தப்பாது என்று கொல்லைக்குள் இறங்கினேன். நடுக் கொல்லையில், கிணற்றுக்குப் பக்கத்தில், வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்றது கருவி. சுற்றிலும் முழங்காலுக்குக் கீழே கடலைச் செடி. பாறை என்று ஒரு கூழாங்கல்கூட இல்லை. நான் குனிந்து செடிகளை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாருய்யா அது? கொல்லைக்குள்ள என்னாத்தத் தேடுற?"

மோட்டார் அறைப் பக்கமிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் களைக்கொத்து.

"ஒண்ணுமில்லம்மா. ஒரு டப்பா..."

"கையில என்னா மெசினு? அளக்க வந்தியா?"

"இல்லம்மா, அளக்கல."

"மொதல்ல எல்லாரும் இல்லேன்னுதான் சொல்லுவாங்க. ஓசூர்ப் பக்கம் எங்க நாத்தனா கொல்லைக்கும் இப்டித்தான் ஒரு பெரியவரு குடையோட வந்தாரு. சும்மா பாத்துட்டுப் போறேன்னாரு. மோரு குடுத்து அனுப்பிச்சாங்க. மறுவருசம் கம்பெனிக்கு எடம் வேணும்னு காயிதம் வந்துச்சு. மோரு குடிச்ச வாயி!"

அந்தப் பெரியவர் நானாகவும் இருந்திருக்கலாம். ஓசூரைச் சுற்றி அப்படிச் சில கொல்லைகளில் நானும் மோர் வாங்கிக் குடித்திருக்கிறேன். அதை அவரிடம் சொல்லவில்லை. பையிலிருந்து புது டப்பாவையும் நோட்டையும் எடுத்துக் காட்டினேன். "இது மாதிரி ஒண்ணு இங்க எங்கயோ இருக்கணும்மா. என் வீட்டுக்காரம்மா வெச்சது. விளையாட்டுக்கு."

அவர் நோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பேரு எழுதுற டப்பாவா? அது என்கிட்டதான் இருக்குது."

மோட்டார் அறைக்குள் போய் எடுத்துவந்தார். உள்ளே அவரை விதை. நோட்டையும் பென்சிலையும் தனியாக ஒரு கவரில் சுற்றி வைத்திருந்தார். கரட்டில் ஆடு மேய்க்கும்போது இரண்டு பாறைக்கு நடுவில் பார்த்தாராம். நிலம் அளக்கிறவர்கள் வைத்த அடையாளம் என்று நினைத்து எடுத்துவிட்டாராம்.

"உள்ளே இது விளையாட்டுன்னு எழுதி வெச்சிருந்ததேம்மா?"

"படிச்சேன். எல்லாருந்தான் அப்டி எழுதுவாங்க. நாத்தனா கொல்லையில கல்லு நட்டவங்ககூட இது சும்மா கல்லுன்னுதான் சொன்னாங்க."

"எப்ப எடுத்தீங்க?"

"மாசி மாசம் மொத வாரம்."

நான் கிருஷ்ணகிரியில் டீ குடித்த மே மாதத்துக்கு மூன்று மாதம் முன்பே டப்பா அங்கே இல்லை. போயிருந்தால் இல்லை என்று தெரிந்திருக்கும். இனி எந்த இடத்தில் எதைக் கொண்டுபோய் வைத்தாலும் நான் சொன்னது உண்மையாகாது.

"பெங்களூர்லேர்ந்து ரெண்டு பேரு வந்தாங்களே..." என்று இழுத்தேன்.

"ஆமா, காருல. மூணு தடவ வந்தாங்க. மூணாவது தடவ ஒருத்தி வழுக்கி வுழுந்துட்டா. நான்தான் துண்ட வெச்சுக் கையைக் கட்டி காரு வரைக்கும் கூட்டிக்கினு போனேன். வழியெல்லாம் அழுதுக்கினு, 'இருக்குதுன்னு எழுதியிருக்காங்களே, பாத்துட்டுத்தானே எழுதியிருப்பாங்க'ன்னு சொல்லிக்கினே வந்துச்சு. எனக்கு என்னா ஏதுன்னு புரியல. இந்த டப்பாவத்தான் தேடுதுங்கன்னு இப்பத்தான் தெரியுது. தெரிஞ்சிருந்தா அப்பவே குடுத்திருப்பேனே."

டப்பாவில் இருந்த நோட்டைத் திறந்தேன். முதல் பக்கத்தில் அவள் கட்டம் போட்டிருந்தாள். பார்த்த தேதி, டப்பாவின் நிலை, எதிரே அவளுடைய முதலெழுத்து. நான்கு வரி. அதற்குப் பிறகு கட்டங்கள் காலியாக இருந்தன.

கிணற்று மேட்டில் உட்கார்ந்து அவளுக்குப் போன் செய்தேன்.

"சேந்துட்டீங்களா? எப்படி இருக்காரு அவரு?" என்றாள். நான் சொன்ன நோயாளியைக் கேட்கிறாள்.

"நான் கரட்டுக்கு வந்திருக்கேன்" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஒழுங்காகச் சொல்லவில்லை. மே மாதத்திலிருந்து தொடங்கி, கருவிக்குப் போய், மறுபடி மே மாதத்துக்கு வந்தேன். நான் முடித்த பிறகுதான் அவள் கேட்டாள்.

"டப்பா கையில இருக்கா?"

"இருக்கு."

"மூடி?"

"இருக்கு."

"நோட்டு நனைஞ்சிருக்கா?"

"இல்ல."

"இப்ப எங்க நிக்கிறீங்க?"

"கடலக் கொல்லையில. மெசின் இங்கதான் காட்டுது. அதுதான் எனக்குப் புரியல."

"டேட்டம் என்ன வெச்சிருக்கீங்க?"

சொன்னேன்.

"அது பழசு. இந்த விளையாட்டுக்குச் சேட்டிலைட் டேட்டம்தான். இருநூறு மீட்டர் தள்ளிப் போயிடும், மொத நாளே படிச்சேன் நான்." பிறகு கேட்டாள், "பாறை கண்ணுக்குத் தெரியுதா?"

"தெரியுது."

"யானை மாதிரி இருக்கா?"

"இருக்கு."

"அப்படியும் கொல்லைக்குள்ள எறங்குனீங்க."

கையிலிருந்த கருவியை அணைத்தேன்.

"மே மாசம் எதுவரைக்கும் போனீங்க?"

"கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு."

"அங்க என்ன பண்ணீங்க?"

"டீ குடிச்சேன். பேப்பர் படிச்சேன்."

"சரி" என்றாள்.

இப்போதாவது சரியான இடத்தில் வைத்துவிட்டு வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றாள். அந்தப் பக்கத்து ஆட்களைக் கேட்காமல் வைத்தது தன் தப்பு என்றாள். விதைக்கு அந்தப் புது டப்பாவைக் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள்.

கொடுத்தேன். அந்தப் பெண் விதையை மாற்றிக் கொட்டிக்கொண்டே, "வூட்டுக்காரம்மாவா? ஏசுனாங்களா?" என்று கேட்டார்.

"இல்லம்மா."

"ஏசலன்னா கஷ்டந்தான்" என்றார்.

வீட்டுக்குப் போனதும் அவள் போனை என் பக்கம் தள்ளினாள். அந்தப் பக்கத்தில் என்னையே எழுதச் சொன்னாள். "சில காரணங்களால் நேரில் சரிபார்க்க இயலாமல் போனது" என்று எழுதிக் காட்டினேன்.

"என்ன காரணம்?"

"அதான்..."

"டீ குடிச்சதுதானே காரணம்? இயலாமப் போறதுன்னா எனக்கு இப்ப இருக்குதே, அது."

அழித்துவிட்டு எழுதினேன். "மே மாதம் இந்த டப்பா நேரில் சரிபார்க்கப்பட்டதாக எழுதியது உண்மை அல்ல. பார்த்துவரப் போன நான் அங்கே போகவில்லை. போனதாக என் மனைவியிடம் பொய் சொன்னேன். அதை நம்பி அவள் எழுதினாள்." அவள் இரண்டு முறை படித்தாள். கடைசி வரியை எடுத்துவிடச் சொன்னாள். எழுத்துப் போட்டது நான், நம்பினேன் என்பது அதற்குச் சமாதானம் ஆகாது என்றாள். அந்த வரியை எடுத்தேன். கீழே தன் முதலெழுத்தைப் போட்டு, இனி யாரும் தேடி வராதபடி அந்தப் பக்கத்தையே மூடினாள்.

மணிக்கட்டு முறிந்த பெண்ணிடம் நான்தான் பேச வேண்டும் என்றாள். மறுநாள் காலை பேசினேன். அந்தப் பெண் குறுக்கிடாமல் கேட்டார். "அங்கிள், ஆன்ட்டி எழுதினதாலதான் நான் மூணாவது தடவ வந்தேன்" என்றார். பிறகு, "சரி அங்கிள், ஆபீஸ் கால் வருது" என்று வைத்துவிட்டார். மன்னித்தாரா, இல்லையா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் உரிமையும் இல்லை.

கருவியில் டேட்டத்தை மாற்றிவைத்துவிட்டேன். இப்போது அது சரியாகக் காட்டுகிறது. அதைப் பார்த்துப் போகத்தான் எனக்கு ஓர் இடமும் இல்லை. வழியில் கடைக்காரர் பார்த்து, "மெசின் எப்படி சார், நல்லா வேல செய்யுதா?" என்றார். மெசின் நல்லாத்தான் இருக்குது என்றேன்.

வீட்டில் அவள் என்னிடம் எப்போதும்போலத்தான் பேசுகிறாள். ஒன்றுதான் மாறியிருக்கிறது. கேஸ் அடுப்பை அணைத்துவிட்டீர்களா என்று கேட்பாள். அணைத்துவிட்டேன் என்பேன். சரி என்று சொல்லிவிட்டு, வாக்கரைப் பிடித்து எழுந்து, அடி அடியாகச் சமையலறை வரை போய்ப் பார்த்துவிட்டு வருவாள். முன்பெல்லாம் அப்படிச் செய்யமாட்டாள். வேண்டுமென்று செய்வதாகவும் தெரியவில்லை. வாக்கரின் சத்தம் போவதையும் வருவதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

போன வாரம், மாடியில் துணி காய்ந்துவிட்டதா என்று கேட்டாள். நான் ஏறிப் போய் ஒவ்வொரு துணியாகத் தொட்டுப் பார்த்தேன். இறங்கி வந்து, "ரெண்டு புடவை காஞ்சிடுச்சு. டவல் ஓரத்துல ஈரம் இருக்குது. போர்வை இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்" என்றேன்.

"சரி" என்றாள். எழுந்திருக்கவில்லை.

நான் சொன்னதை நம்பியதால் எழுந்திருக்கவில்லையா, மாடிப்படி ஏற முடியாது என்பதாலா என்று இன்று வரை எனக்குப் புரியவில்லை.